தோல்விக்கு ஆள் தேடிய கோடை

ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை உட்கார்ந்து பேஸ்பால் பார்த்ததை இந்தக் கோடைவரை நான் கண்டதில்லை. மடக்கு நாற்காலி ஒன்றை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வருவார். ஆட்டக்காரர்கள் ஓடித் தொட வேண்டிய மூன்றாம் பேஸுக்கு நேரே, கோட்டுக்கு வெளியே அதை விரிப்பார். அதன்மேல் ஜாக்கெட்டைப் போட்டு, தேநீர் ஃபிளாஸ்கையும் வைப்பார். பிறகு ஆட்டம் முடியும்வரை அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டேயிருப்பார். கால்சட்டைப் பையில் சாவிக்கொத்து கிலுங்கிக்கொண்டே இருக்கும்.

"கொஞ்சம் உட்காருங்களேன் அண்ணை," என்று ஒருநாள் சொன்னேன்.

"இருந்தா விழுந்திடும் தம்பி," என்றார்.

எது விழும் என்று சொல்லவில்லை.

எங்கள் அணியின் பெயர் பார்க்கிங் ஹெரன்ஸ்; கிழக்கு லண்டனில் நாங்கள் ஆடும் பார்க்கிங் வட்டாரத்தின் நாரைகள். பெயரைக் கேட்டு யாரும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஞாயிறு மத்தியானங்களில் பூங்காவில் கூடி விளையாடும் கூட்டம் அது. ஒருவர் பிளம்பர், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர். நான் சென்னையில் தெருக் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். ஆள் குறைகிறது என்று அலுவலக நண்பன் ஒருவன் இழுத்துவந்தான். மைதானத்தின் இடது கோடியில், லெஃப்ட் ஃபீல்டில் நிறுத்தினார்கள். அங்கே பந்து அதிகம் வராது என்றார்கள். வந்தது.

எங்களைப் பார்க்க வருபவர்கள் ஆட்டக்காரர்களின் மனைவிமார், காதலிகள், இரண்டொரு நாய்கள். ரசிகர் என்று சொல்ல இருந்தவர் அண்ணை ஒருவர்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனுக்கு வந்தவர் அவர். அகதி விண்ணப்பம் இழுபட்ட காலத்திலும், அது முடிந்த பிறகும், பல வருடங்கள் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. கண்ணாடிக் கூட்டுக்குள் தனியாக இருக்க வேண்டும். கல்லாவுக்குக் கீழே ஒரு சின்ன டிவி. அந்த நேரத்தில் ஒரு சேனலில் அமெரிக்க பேஸ்பால்தான் ஓடும். முதலில் ஒன்றும் விளங்கவில்லையாம். பள்ளிக்கூடத்தில் ஆடிய எல்லே மாதிரி, தடியால் அடித்துவிட்டு ஓடுகிற ஆட்டம் என்று பிடிபட்டதும் விடவில்லை. ஆனால் அவர் தேர்ந்தெடுத்துப் பார்த்ததெல்லாம் தோற்கிற அணிகளை.

"வெல்லுற ரீமைப் பாத்தா நித்திரை வந்திடும்," என்பார். "தோக்கிற ரீமெண்டா ஆரிலை பிழை, ஆரிலை பிழையெண்டு யோசிச்சு யோசிச்சே விடிஞ்சிடும். ஷிப்ட் முடிஞ்சிடும்."

இப்படித்தான் அவருக்கு அது பழகியது. இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். பெட்ரோல் நிலையத்தை விட்டு, ஒரு தொடக்கப் பள்ளியின் வாசலில் லொலிபொப் பிடிக்கிறார். அதாவது, வட்டத் தட்டு பொருத்திய நீளத் தடியை நீட்டிக் கார்களை மறித்துப் பிள்ளைகளைச் சாலை கடக்க விடுகிற வேலை. நிற்கிற காரையும் திட்டுவார், நிற்காத காரையும் திட்டுவார். எல்லாம் தமிழில்.

மூன்று வருடங்களுக்கு முன் பூங்கா வழியாக நடந்து போனவர் எங்கள் ஆட்டத்தைக் கண்டு நின்றுவிட்டார். நாங்கள் அன்று மோசமாகத் தோற்றோம். அடுத்த ஞாயிறு நாற்காலியோடு வந்தார்.

இந்தக் கோடை நாங்கள் தோற்ற மாதிரி முன்பு எப்போதும் தோற்றதில்லை. சித்திரையில் தொடங்கிய தோல்வி ஆவணிவரை வந்தது. நடுவில் மழையால் நின்ற ஓர் ஆட்டத்தை வெற்றிபோலக் கொண்டாடினோம். அண்ணைக்கோ ஓய்வில்லாத வேலை. யாரில் பிழை?

தொடக்கத்தில் புதுத் தொப்பியில் பிழை. "உது என்ன நிறம்? தேத்தண்ணி ஊத்தின மாதிரி." பிறகு காற்றில். பிறகு, அம்பயரில். "மனிசன் தன்ரை கண்ணாடியை வீட்டிலை வைச்சிட்டு மனிசியின்ரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்." பிறகு எங்கள் மேலாளர் கேட்டில். கேட் ஒரு வெள்ளைக்காரப் பெண், பள்ளி ஆசிரியை, அதிர்ந்து பேசாதவள். "உவளுக்கு ஆரை எங்கை நிப்பாட்டுறதெண்டே தெரியேல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையளை வரிசையிலை விட்ட மாதிரி உயரத்துக்கு விட்டிருக்கிறாள்." இரண்டாம் பேஸில் நின்றவனை, "ஐஸ்கிறீம் வான் மாதிரி ஒவ்வொரு வாசலிலையும் நிண்டு நிண்டு ஓடுறான்," என்றார்.

என்னையும் விடவில்லை. ஒருநாள் பந்து எனக்கு முன்னால் விழுந்து, என்னைக் கடந்து உருண்டபோது கோட்டிலிருந்து குரல் வந்தது.

"கௌசிக்! பந்து உன்னைத் தேடி வருது. நீ அதிட்டை விசா இருக்கோ எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறாய்!"

நான் அப்போது விசா புதுப்பிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, களத்தில் நிற்கும்போதுகூடக் கைபேசியில் மின்னஞ்சல் வந்திருக்குமோ என்று தவித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. லண்டனில் வேறு யார் என்னை அப்படி உரிமையோடு திட்டுகிறார்கள்?

அவர் திட்டியது முழுக்க உரத்த குரலில், தமிழில். நம்மில் யாரிடம்தான் இந்தப் பழக்கம் இல்லை? பஸ்ஸில் எதிரே இருப்பவரின் காலணியைப் பற்றி, கடை வரிசையில் முன்னால் நிற்பவளின் வண்டியைப் பற்றி, லிஃப்டில் கூட நிற்பவரின் வாசனையைப் பற்றி, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவோம். தமிழ் நமக்கு இந்த ஊரில் பூட்டிய அறை. அதற்குச் சுவர் இருக்கிறதா என்று யாரும் தட்டிப் பார்ப்பதில்லை.

அண்ணையின் மனைவி தவநாயகி அக்கா எப்போதாவது வடையோடு மைதானத்துக்கு வருவார். ஒருமுறை அவர் கணவரின் கையைப் பிடித்து இழுத்தார்.

"இஞ்சாருங்கோ, மெல்லக் கதையுங்கோ. ஆருக்கும் விளங்கிப்போடும்."

"ஆருக்கு? அந்த நாய்க்கோ?"

பக்கத்தில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. அக்காவும் சிரித்துவிட்டார். அதோடு போயிற்று.

ஆடியில் எல்லாப் பழியும் ஒருவன்மேல் வந்து சேர்ந்தது. அவன் ஜெரோம், எங்கள் பிட்சர். நடு மேட்டில் நின்று எதிரணிக்குப் பந்தெறிகிறவன் பிட்சர். அவன் நன்றாக எறிந்தால் மற்ற எட்டுப் பேரும் சும்மா நிற்கலாம். ஜெரோம் தெற்கு லண்டன் லூயிஷாமில் பிறந்து வளர்ந்த கறுப்பின இளைஞன். எலக்ட்ரீஷியன் வேலை. நெடுநெடுவென்று உயரம், பேச்சு குறைவு. சென்ற வருடம் அவன் எறிந்தால் மட்டையின் சத்தமே கேட்காது. இந்த வருடம் அவன் பந்தை எல்லோரும் அடித்தார்கள்.

"போன வரிசம் கல்லெறிஞ்சவன். இந்த வரிசம் அய்யர் பூ எறியிற மாதிரியெல்லோ எறியிறான்," என்று அண்ணை தொடங்கினார். வாராவாரம் அது வளர்ந்தது. அவன் நடை, நிற்கிற விதம், தோளைச் சுழற்றுகிற விதம் எல்லாம் குற்றமாயின. ஜெரோம் திரும்பிப் பார்க்க மாட்டான். சில நேரம் அவன் வாயோரத்தில் ஒரு சிரிப்பு வருவதுபோல எனக்குத் தோன்றும். ஆடி முடியும்போது அதுவும் இல்லை.

ஆவணியில் ஒரு ஞாயிறு நல்ல வெயில். மூன்று பேஸிலும் எதிரணி ஆட்கள் நின்றார்கள். ஜெரோம் எறிந்த பந்து அகலப் போனது. அடுத்ததும் போனது. கேட் கைதட்டி ஏதோ தைரியம் சொன்னாள். அடுத்த இரண்டும் அகலம். நான்கு பந்து அப்படிப் போனால் பேஸில் நிற்பவர்கள் ஆளுக்கொரு பேஸ் முன்னேறலாம். எதிரணிக்கு அடிக்காமலே ஓர் ஓட்டம் கிடைத்தது.

அண்ணை நடப்பதை நிறுத்தினார். இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார்.

"உவனை வளத்தவள் என்னத்தைத் தின்னக் குடுத்து வளத்தாளோ! கையிலை ஒரு சொட்டுப் பெலன் இல்லை!"

ஜெரோம் பந்தெறியக் கையை ஓங்கியிருந்தான். கை அப்படியே இறங்கியது. மேட்டிலிருந்து மெதுவாகத் திரும்பி, மூன்றாம் பேஸ் பக்கம் பார்த்தான்.

"புட்டும் முட்டைப்பொரியலும், மாமா," என்றான். "சனிக்கிழமையிலை ஒடியல் கூழ். வேறை என்ன தெரியோணும்?"

இடது கோடியில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது. சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். காயவைத்த பனங்கிழங்கான அந்த 'ஒடியல்' என்பதை என்னால் அப்படிச் சொல்ல வராது.

மற்ற யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அம்பயர், "ப்ளே!" என்று கத்தினார். ஜெரோம் திரும்பி நின்று எறிந்தான். நாங்கள் தோற்றோம். அண்ணை நான் பார்க்க முதன்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் நான் ஜெரோமிடம் ஓடினேன். காரின் பின்பக்கத்தில் பையைப் போட்டுக்கொண்டிருந்தான். அவனும் நானும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். அன்றும் அப்படித்தான்.

"உனக்குத் தமிழ் தெரியுமா?"

"அருள் அன்ரி வீட்டில் வளர்ந்தேன்," என்றான், ஆன்ட்டியை யாழ்ப்பாணத்தார் சொல்வதுபோல. "அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட். கீழ்வீட்டில் அருள் அன்ரி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். எனக்குப் பேச்சு வந்ததே அங்கேதான்."

"ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?"

"சொன்னால் அவர் நிறுத்திவிடுவார். எனக்கு அது கேட்கப் பிடித்திருந்தது. அன்ரியும் இப்படித்தான் டிவியைப் பார்த்துத் திட்டுவார்."

"இப்போது?"

அவன் பின்கதவை மூடினான், கொஞ்சம் ஓங்கியே.

அண்ணையை அன்று நான்தான் வீட்டில் இறக்கிவிட்டேன். காரில் சீட் பெல்ட்டை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார்.

"எவ்வளவு காலமா எங்களோடை விளையாடுறான்?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்து அண்ணை."

"எல்லாம் விளங்கியிருக்குமோ?"

"கூழ் வரைக்கும் தெரிஞ்சவனுக்கு விளங்காம இருக்குமா?"

"எல்லாமோ?"

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

பள்ளி விடுமுறைக் காலம். மறிக்கக் கார்கள் இல்லை, கடத்திவிடப் பிள்ளைகள் இல்லை. அந்த வாரம் முழுக்க அண்ணையின் கையில் இருந்தது தொலைபேசி ஒன்றுதான். நான் வேலைக் கூட்டத்தில் இருக்கும்போது அழைப்பார்.

"தம்பி, ஆனி மாதம் நான் அவன்ரை தலைமயிரைப் பற்றி என்னவோ சொன்னனானோ?"

"ஞாபகம் இல்ல அண்ணை."

"நல்லது."

கொஞ்ச நேரத்தில் மறுபடி அழைப்பு. "அது தலைமயிர் இல்லை. நடை. வாத்து நடையெண்டனான். வாத்தெண்டா பெரிய பிழையோ?"

"வாத்து பரவாயில்ல அண்ணை."

"அதுக்குப் பிறகு இன்னொண்டு சொன்னனான். அது என்னெண்டு வருகுதில்லை."

அவருக்கு நினைவு வராததுதான் அவரைக் கொன்றது. மூன்று கோடைகள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துவிட்டார். அவை எல்லாவற்றையும் வேறொருவன் தலைக்குள் வைத்திருக்கிறான்.

தவநாயகி அக்காவும் ஒருநாள் என்னை அழைத்தார். "தம்பி, ஒருக்கா வந்து இவரை வெளியிலை கூட்டிக்கொண்டு போங்கோ. ஹோலுக்கும் குசினிக்கும் நடந்து நடந்து கார்ப்பெட் தேயுது. இப்ப என்னிலை பிழையாம்."

"உங்க மேல எப்படி?"

"நான் வடிவாச் சொல்லேல்லையாம். மெல்லக் கதையுங்கோ எண்டு சொன்னது காணாதாம், வாயைப் பொத்தியிருக்கோணுமாம்."

போனேன். என்மேலும் பிழை இருந்தது. பக்கத்தில் நின்று விளையாடியும் அவனுக்குத் தமிழ் தெரியும் என்று நான் கண்டுபிடிக்கவில்லை. பிறகு ஜெரோம்மேல். "தெரிஞ்சவன் தெரியுமெண்டு சொல்லோணும். சொல்லாமல் நிண்டு கேக்கிறது களவெல்லோ?" அதைச் சொன்னதும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. சன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்தபோது புது ஆள் கிடைத்திருந்தார்.

"ஆர் அந்த அருள் அன்ரி? பிள்ளை பாக்கிறதெண்டா பாக்கிறது. தமிழ் ஏன் படிப்பிச்சவ?"

அப்போதுதான் கேட்டிடமிருந்து எல்லோருக்கும் செய்தி வந்தது. கடைசி ஆட்டத்துக்கு ஜெரோம் வரவில்லை என்று சொல்லிவிட்டான். இரண்டு பேர் விடுமுறையில் போய்விட்டார்கள். ஜெரோமும் இல்லையென்றால் நாங்கள் எட்டுப் பேர். ஒன்பது பேர் இல்லாத அணி ஆட முடியாது. வைகாசியில் ஒருமுறை ஆள் இல்லாமல் ஆட்டத்தை விட்டுக்கொடுத்திருந்தோம். இன்னொரு முறை என்றால் லீக்கிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். ஹெரன்ஸ் என்று ஓர் அணி அதற்குப் பிறகு இருக்காது.

அண்ணையிடம் படித்துக் காட்டினேன்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமையிலை நான் எங்கை போறது?" என்றார்.

அதை என்னிடம் கேட்கவில்லை. சின்னக் குரலில், தன்னையே கேட்டுக்கொண்டார்.

அருள் அன்ரியைக் கண்டுபிடிக்க அக்காவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. சட்டன் என்கிற ஊரில் இருக்கிற தன் மகளுக்கு ஓர் அழைப்பு, அந்த மகளின் மாமியாருக்கு இன்னொன்று. நம் ஆட்களில் ஒருவரைத் தேட இந்த நாட்டில் போலீஸ் தேவையில்லை. "அருள்நாயகி. லூயிஷாம் சிவன் கோவிலிலை வெள்ளிக்கிழமையிலை அன்னதானத்துக்கு உதவி செய்யிறவவாம். முந்திப் பிள்ளையள் பாத்தவவாம்," என்றார் தவநாயகி அக்கா.

வெள்ளிக்கிழமை அண்ணையும் நானும் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறி, இடையில் டிஎல்ஆர் ரயிலுக்கு மாறினோம். அண்ணை வழி முழுக்கக் கதவருகே நின்றுகொண்டு வந்தார். அருள்நாயகி அக்காவிடம் கேட்கவேண்டியதை இரண்டு முறை எனக்குச் சொல்லிக் காட்டினார். இரண்டு முறையும் அது வழக்கறிஞர் கேள்விபோல இருந்தது.

பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வரிசை நின்றது. அருள்நாயகி அக்கா கரண்டியும் கையுமாகப் பருப்புக்கு முன்னால் நின்றார். குள்ளமான, கெட்டியான பெண்மணி. அண்ணை தன் பெயரைச் சொல்லி, பார்க்கிங்கிலிருந்து வருகிறோம் என்றார்.

"பேஸ்பாலோ?" என்றார் அக்கா.

"ஓம்."

கரண்டியைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு எங்களை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"உங்களை எனக்கு மூண்டு வரிசமாத் தெரியும் அண்ணை. ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் பெடியன் போன் எடுப்பான். மாமா இண்டைக்கு என்ன சொன்னவரெண்டு சொல்லுவான். அம்பயரின்ரை மனிசியின்ரை கண்ணாடி... ரெண்டுபேரும் விழுந்து விழுந்து சிரிப்பம். நீங்கள் அவனைப் பேசினதையும் சொல்லுவான். அதுக்கும் சிரிப்பம். பேந்து சொல்லுறதை விட்டிட்டான்."

அண்ணை வாயைத் திறந்தார். அக்கா விடவில்லை.

"தோள்மூட்டிலை நோ. சித்திரையிலையிருந்து நோ. டொக்டர் எறியக்கூடாதெண்டவர். எறிய வேறை ஆளில்லையெண்டு எறிஞ்சவன். ரீமுக்குச் சொல்லாதையுங்கோ அன்ரி எண்டவன், நானும் சொல்லேல்லை. போன கிழமை கேட்டனீங்களாம், வளத்தவள் என்னத்தைத் தின்னக் குடுத்தவளெண்டு."

"அது... நான் அவனைத்தான்..."

"அவனை இல்லை. என்னை. அவன்ரை தாய் ராப்பகலா வோர்ட்டிலை நிண்டவள். தின்னக் குடுத்தது நான். இப்ப உங்களுக்கு முன்னாலைதான் நிக்கிறன். என்ன குறை? சொல்லுங்கோ."

அண்ணையின் சாவிக்கொத்தைப் பிடித்திருந்த கை பைக்குள் அசையாமல் நின்றது.

"குறையில்லை தங்கச்சி," என்றார் கடைசியில்.

"சாப்பிட்டுப் போங்கோ."

"இல்லை, பரவாயில்லை..."

"இருந்து சாப்பிடுங்கோ அண்ணை. சாப்பிட்டுப் பாத்திட்டுச் சொல்லுங்கோ, பெலன் வருமோ வராதோ எண்டு."

அவரே பரிமாறினார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய். அண்ணை தலையைக் குனிந்து சாப்பிட்டார். இரண்டாம் முறையும் போட்டார், மறுக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை அவன் வராட்டி ரீமே இல்லை. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா..."

"உங்களுக்காக நான் சொல்ல மாட்டன். சொன்ன வாய்தான் போய்ச் சொல்லோணும். போனிலையும் இல்லை. முகத்தைப் பாத்து."

"வந்தாத்தானே முகத்தைப் பாக்கலாம்?"

"அது எனக்குத் தெரியாது," என்று கரண்டியை வாங்கப் போய்விட்டார்.

ஞாயிறு நான் மைதானத்துக்குப் போனபோது அண்ணை எனக்கு முன்பே வந்திருந்தார். மூன்றாம் பேஸ் பக்கம் போகவில்லை. கார் நிறுத்துமிடத்துக்கும் பூங்கா வாசலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கார் வந்தபோதும் நின்றார். கேட் தலைகளை எண்ணினாள், மறுபடி எண்ணினாள், எண்ணினால் கூடுமா? எதிரணி வந்து உடற்பயிற்சி தொடங்கிவிட்டது. அம்பயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நானும் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எனக்கே புரியவில்லை, சரியாகப் பந்து பிடிக்கவும் தெரியாத ஓர் ஆட்டம் இல்லாமல் போவதற்கு நான் ஏன் இப்படிப் பதற வேண்டும்?

ஜெரோம் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தான். காரில் வரவில்லை. வலது தோளில் பட்டை சுற்றியிருந்தது. அண்ணையைக் கடந்துதான் வர வேண்டும். கடந்தான். அண்ணை வாயெடுத்தார். அவன் கேட்டிடம் போய், எறிய முடியாது, நிற்க முடியும் என்றான். கேட் அவன் தோளைப் பார்த்து, முதல் பேஸில் நிறுத்தினாள். ஆம்புலன்ஸ் ஓட்டுபவர் பந்தெறிந்தார்.

அன்றைய ஆட்டத்தை நான் மறக்க மாட்டேன், ஏனென்றால் சத்தமே இல்லை. அண்ணை தன் இடத்துக்கு வந்து நின்றார், வாயை இறுக்கிக்கொண்டு. இரண்டாம் பேஸ்காரன் வழக்கம்போல நின்று நின்று ஓடினான். அண்ணையின் கழுத்து நரம்பு புடைத்தது. "ஹார்ட் லக்," என்றார் ஆங்கிலத்தில். இன்னொருவன் பந்தைக் கை நழுவ விட்டான். "நைஸ் ட்ரை." அந்த மொழியில் அவருக்கு இருந்த வசவு அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட் என்னிடம், "அவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

ஆனால் நன்றாக ஆடினோம். இந்தக் கோடையில் முதல்முறையாக, கடைசிச் சுற்றில் ஓர் ஓட்டம் முன்னால் இருந்தோம். எதிரணியில் இரண்டு பேர் பேஸில், இன்னும் ஒருவரை அவுட் ஆக்கினால் வெற்றி. மட்டை பிடித்தவன் அடித்தான். பந்து மேலே போயிற்று, என் பக்கம். எளிதான பந்து. சூரியனுக்குள் போய் வெளியே வந்தது. கையுறையின் நுனியில் பட்டு, முழங்காலில் பட்டு, உருண்டு வேலிக்குப் போயிற்று. இரண்டு பேரும் ஓடி முடித்துவிட்டார்கள்.

தோற்றோம். ஆனால் ஆடினோம். லீக்கில் இருப்போம்.

எல்லோரும் கைகுலுக்கிக் கலைந்தபோது அண்ணை களத்துக்குள் வந்தார். கோட்டைத் தாண்டி அவர் உள்ளே வந்ததே அதுதான் முதல் தடவை. ஜெரோம் முதல் பேஸ் பக்கம் புல்லில் உட்கார்ந்து பட்டையைத் தளர்த்திக்கொண்டிருந்தான். நான் அவனுக்குப் பின்னால் என் பையருகே நின்றேன். போய்விடலாமா என்று யோசித்தேன். கையுறையைப் பைக்குள் திணிக்கிற சாக்கில் நின்றேன்.

"தம்பி," என்றார் அண்ணை.

ஜெரோம் நிமிர்ந்தான். அண்ணை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார்.

"வெள்ளிக்கிழமை அன்ரியிட்டைப் போனனான்."

"தெரியும். போன் எடுத்துப் பேசினவ. எட்டுப் பேரை நிப்பாட்டிப்போட்டு வீட்டிலை படுத்திருக்கவோ உன்னை வளத்தனான் எண்டு. அதுதான் வந்தனான். உங்களுக்காக வரேல்லை, மாமா."

"ஓம். விளங்குது." கொஞ்சம் மூச்செடுத்தார். "பிழை என்னிலை. இந்தச் சீசன் முழுக்க, எல்லா மட்ச்சும் தோத்தது என்ரை வாயாலை. நோவோடை நிண்ட பிள்ளையை..."

"முழுக்கவோ?"

"முழுக்க."

"உங்களுக்கு அவ்வளவு பவர் இல்லை, மாமா."

அண்ணை விழித்தார்.

"அன்ரியைச் சொன்னது பிழை," என்றான் ஜெரோம். குரல் உயரவில்லை. "அது உங்கடை. அதை வைச்சிருங்கோ. நான் இன்னும் மறக்கேல்லை, கெதியா மறக்கவும் மாட்டன். தோளைச் சொல்லாமல் எறிஞ்சது என்ரை பிழை. ஆனா எல்லாத்தையும் நீங்கள் தூக்கிக்கொண்டு போக ஏலாது."

அண்ணை தலையை ஆட்டினார். ஒருமுறை, பிறகு இன்னொரு முறை. பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். அவர் போகவில்லை. பைக்குள் சாவி மெல்லக் கிலுங்கத் தொடங்கியது.

"அப்ப மிச்சம்?"

"என்ன மிச்சம்?"

"மிச்சப் பிழை. அது ஆரின்ரை?" என்றார், அடக்க முடியாமல். "இப்ப இண்டைக்கு எடுப்பம். இண்டைக்கு நீ எறியேல்லை. நான் வாய் திறக்கேல்லை. அப்ப இண்டைக்கு ஆர்?"

ஜெரோம் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். பிறகு இருவரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

"வெயில் கண்ணுல அடிச்சுது," என்றேன்.

"கேட்டியோ?" என்றார் அண்ணை ஜெரோமிடம், அவன் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்துகொண்டே. "வெயிலாம்."